எங்க சாமி அப்படிப் பேச மாட்டாரு

சன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி. நான் இந்தப் பக்கம் கால நீட்டிக்கிடுதேன். எங்க எறக்கம்? சாத்தூரா? நல்லதாப் போச்சு. நான் கோயம்புத்தூரு. விடியத்தான் போய்ச் சேரும். சாத்தூரு வரைக்கும் பேச்சுத் துணைக்கு நீங்க ஆச்சு.

என் நெத்தியவே பாக்கிய. திருநீறு இன்னும் இருக்கா? தொடச்சுட்டுத்தான வந்தேன். பஸ்ஸ்டாண்டு பைப்புல மூஞ்சிய நல்லாத் தேச்சுக் கழுவுனேன். போகலையாக்கும். இது நான் பூசுனது இல்ல. எங்க தம்பி நயினாரு பூசி விட்டது. தம்பி பூசுனானா, சாமி பூசுச்சான்னு கேட்டா அதுதான் இப்பப் பிரச்சினையே.

இன்னைக்கி எங்க ஊருல கொடை. ஒங்க பக்கம் பொங்கல்னு சொல்லுவாக, நாங்க கொடைம்போம். கரையடி மாடன் எங்க சாமி. குளத்தங்கரையில பீடமா நிப்பாரு. துடியான சாமி. மாடனுக்கு முன்னால நின்னு பொய்ச் சத்தியம் பண்ண ஒருத்தனுக்கும் தைரியம் வராது. அவருக்குக் கோமரத்தாடி நான்தான். கொடையில அவரு வந்து எறங்கி ஆடணும்னா ஒரு மேலு, ஒரு ஒடம்பு வேணும்லா? அது என் மேலு. என் பேரு மாடக்கண்ணு. அப்படி வெச்சது சும்மா இல்ல.

பத்தொம்பது வயசுல மொத மொதலா வந்தாரு. அதுக்கு முன்னால நான் யாரு? செங்கச்சூளையில கல்லு சுமக்குத பய. "இவன் ஒரு முன்கோவி, இவங்கிட்ட வாயக் குடுக்காதிய"ன்னு எங்க அம்மையே வாரவுக போறவுககிட்டச் சொல்லுவா. சாமி வந்துட்டாரு, அவ்வளவுதான். அதே அம்மை, "அது மாடன் குணம், புள்ள என்ன செய்வான்"ன்னுட்டா. ஊரே அப்படித்தான் சொல்லிச்சு. சூளை முதலாளி இருக்காருல்லா, அவரே என்னைய 'சாமி'ன்னு கூப்பிட்டாரு. அன்னைக்கித்தான் அண்ணாச்சி, நான் யாருன்னு எனக்கே புரிஞ்சுது.

அவரு குணம் எனக்கு அத்துப்படி. சொன்ன வார்த்தைய மாத்த மாட்டாரு. தப்பு செஞ்சவன் மொகத்துல முழிக்க மாட்டாரு. சிரிக்க மாட்டாரு. படப்புப் போட்டாலும் தனியாத்தான் போடணும், வேற சாமி கூடச் சேந்து சாப்பிட மாட்டாரு. நானும் அப்படித்தான். கல்யாண வீட்டுலகூட பந்தியில உக்கார மாட்டேன். எலைய வீட்டுக்குக் கொண்டாரச் சொல்லிருவேன். எங்க வீட்டுக்காரி பூலம்மா ஆரம்பத்துல மொணங்குவா. அவளுக்கு என்ன தெரியும்? சாமிய மேல வாங்குத மனுசன் நாலு பேரு மாதிரியா இருக்க முடியும்?

ஒரு விசயம் சொல்லுதேன் கேளுங்க. ஆடும்போது நடக்கது எதுவும் எனக்குத் தெரியாது. என்ன சொன்னேன், யாரைச் சொன்னேன், ஒண்ணுமே தெரியாது. சாமி மலை ஏறிப் போன பெறவு யாராவது சொல்லித்தான் தெரியும். கோமரத்தாடி யாரைக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவான்.

எங்க குடும்பத்துல ஒரு வழக்கம். கல்யாணம் பேசுனா கொடையில சாமிகிட்ட உத்தரவு கேக்கணும். கையில எலுமிச்சம்பழத்தோட வந்து முன்னால நிக்கணும். சாமி பழத்த வாங்கிட்டா சம்மதம். எம்மவ செல்வகனி அப்படித்தான் வந்து நின்னா. நாலு வருசம் இருக்கும். மில்லுல கூட வேலை பாக்குத பையன். எங்க ஆளுக இல்ல. வீட்டுல எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. நேராச் சாமிகிட்ட வந்துட்டா. அப்பன்ட்டக் கேக்கப் பயம், சாமிகிட்டக் கேக்கத் தைரியம்! அரக்குக் கலருல சேலை கட்டியிருந்தா. அவ அம்மை சேலை அது. பழத்த ரெண்டு கையிலயும் பிடிச்சிருக்கா. நெத்தியில குங்குமம் வேர்த்து மூக்கு வரைக்கும் எறங்கியிருக்கு. "எப்பா"ன்னு கூப்பிடப் போனவ, நாக்கக் கடிச்சுக்கிட்டு "சாமி"ன்னா.

என்ன? எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கிய? நயினாரு சொல்லியிருப்பான். அவன் சொல்லித்தான்.

சாமி பழத்த வாங்கல. தட்டி விட்டுட்டாரு. "என் எல்லையில நிக்காத. என் கண்ணுல முழிக்காத"ன்னுட்டாரு. சாமி சொன்னா சொன்னதுதான். நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க? பெத்தவன் ஒருத்தன் உள்ளுக்குள்ள கெடந்து அழுதாலும் சாமி வார்த்தைக்கு மேல அவனுக்கு என்ன இருக்கு? அவ அன்னைக்கே ஊர விட்டுப் போயிட்டா. அந்தப் பையனையே கட்டிக்கிட்டா. நான் போகல. சாமி வேண்டாம்னு சொன்ன கல்யாணத்துல நான் எப்படிப் போய் நிக்க?

பூலம்மா ஒரு வருசம் எங்கூட இருந்தா. இருந்தான்னு பேரு. சோத்தப் போட்டு வெச்சுட்டு அந்தாலப் போயிருவா. மகளுக்கு நெறமாசம்னு தாக்கல் வந்த அன்னைக்கித் துணிய எடுத்து மூட்டை கட்டுதா. "சாமி வார்த்தைய மீறிப் போறியா?"ன்னேன். "சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன்"ன்னா. இவளுக்கு எப்பம் சாமி கூடப் பேச்சுவார்த்தைன்னு நினைச்சுக்கிட்டேன். போனவ போனவதான். புள்ள பெறந்து, தலை நின்னு, நடக்க ஆரம்பிச்சு, இன்னும் அங்கனதான் கெடக்கா.

வீட்டுல ஒத்தையில இருக்க முடியல. அதான் கோயம்புத்தூரு போயிட்டேன். ஒரு பிளாட்டுல செக்யூரிட்டி வேலை. கேட்டத் தொறக்கணும், மூடணும், தண்ணி மோட்டாரப் போடணும். அங்க என் பேரு ஒருத்தருக்கும் தெரியாது. "வாட்ச்மேன்"தான். காரை நிறுத்திட்டு, மூஞ்சியப் பாக்காமலே "ஏய் வாட்ச்மேன்"ம்பாக. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிடுவேன். 'நான் யாருன்னு ஒனக்குத் தெரியுமாடே? எங்க ஊருல வந்து பாரு, என் கால்ல விழுந்து திருநீறு வாங்குவ'ன்னு. அந்த ஒரு நெனப்புதான் அண்ணாச்சி எனக்குச் சோறு. வருசம் பூரா வாட்ச்மேன், கொடையன்னைக்கி நான் நான்.

மோட்டார் ரூம்புலதான் படுக்கை. மூலையில ஒரு செங்கல்லுக்குச் சுண்ணாம்பு பூசி நிறுத்தியிருக்கேன். அதான் மாடன். வேலை முடிஞ்சு வந்தா அவரும் நானுந்தான். நான் பேச மாட்டேன், அவரும் பேச மாட்டாரு. ரெண்டு பேரும் ஒரே குணம்லா, உம்முன்னு கெடப்போம். தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போயிட்டாக. பிளாட்டே காலி. வெடிச் சத்தம் எங்கயோ தூரத்துல கேக்கு. யாராவது "வாட்ச்மேன்"ன்னாவது கூப்பிட மாட்டாங்களான்னு இருந்துச்சு. சவத்த விடுங்க.

இந்த வருசக் கொடைக்கு வந்தேன். குளிச்சு, கச்சை, சல்லடம்னு சாமியாடுத உடுப்பெல்லாம் மாட்டிப் பீடத்துக்கு முன்னால நின்னுட்டேன். உச்சிவேளை. நல்ல வெயிலு. வில்லுப்பாட்டுக்காரரு மாடன் வரத்து பாடுதாரு. அந்த எடத்துல சாமி வரணும். எப்பமும் அந்தப் பாட்டு எடுக்கும்போதே எனக்குப் பொறங்கழுத்துல சூடு ஏறிரும். இன்னைக்கி ஏறல. மேளக்காரங்க எனக்கு நேரா வந்து நின்னு அடிக்காங்க. காதுதான் வலிக்கு. வில்லுக்காரரு திரும்பவும் மொதல்ல இருந்து பாடுனாரு. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்காங்க. கொலவை போட்ட பொம்பளைகளுக்குத் தொண்டை கட்டிப் போச்சு. எனக்குப் பாதத்துல வெயிலு சுடுறது தெரியுது. சாமி வந்தவனுக்குச் சூடு தெரியுமா?

ஒரு சத்தம் குடுத்துப் பாப்போம்னு "ஏய்ய்"ன்னேன். அண்ணாச்சி, ஒங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன, கேட்டுல நின்னு காருக்காரனைக் கூப்பிடுத சத்தம் மாதிரியே இருந்துச்சு. எனக்கே வெக்கமாப் போச்சு. சும்மா ஆடியிருக்கலாம். ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான். ஆனா மாடன் முன்னால பொய் ஆட்டம் ஆட மனசு வரல.

அப்பந்தான் பின்னால ஒரு கொடம் கீழ விழுந்த சத்தம். நயினாரு. ஆறுமுகநயினாருன்னு பேரு, எனக்கு எளையவன். டீக்கடை வெச்சிருக்கான். அவன் ஒரு வாயில்லாப் பூச்சி. டீ சரியில்லைன்னு யாராவது திட்டுனா இன்னொரு டீ போட்டுக் குடுப்பான், காசும் வாங்க மாட்டான். கோயில்ல தண்ணி சுமக்கது, எலை பொறுக்குதது, அதான் அவன் சோலி. அவனுக்குக் கையி வெட்டி இழுக்குது, காலு வெட்டி இழுக்குது, கண்ணு மேல போயிட்டு. கோட்டிக்காரப் பய மயக்கம் போடுதான்னு பாத்தேன். கூட்டம் பூரா "மாடா"ன்னு கையெடுத்துட்டுது. யாரோ பிச்சிப்பூ மாலைய அவன் கழுத்துல போட்டாக.

சரி, வந்த சாமி என்ன செய்யணும்? வல்லயத்த, அதான் சாமி ஈட்டியத் தூக்கணும். பெரிய சத்தம் போடணும். 'என்ன கொறை வெச்சே'ன்னு ஊரக் கேக்கணும். அதானே எங்க சாமி? இவன் வல்லயத்தத் தொடவே இல்ல. பையப் பைய நடக்கான். கூட்டத்த வெலக்கிக்கிட்டுப் பந்தலுக்கு வெளியே போறான். அங்க வேலி ஓரமா, வெயில்ல, புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு ஒருத்தி நிக்கா. பக்கத்துல பூலம்மா.

செல்வகனிதான். யாரு வரச் சொன்னதுன்னு எனக்குத் தெரியாது. எளைச்சுப் போயிருந்தா. சாமி வாரதப் பாத்ததும் பின்னால பின்னால போறா. வேலி முள்ளு முதுகுல குத்துது, அப்பவும் போறா. பயம். அவளுக்கு மாடன்னா அந்த நாலு வருசத்துக்கு முந்துன மாடன்தான தெரியும்?

இவன் கிட்டப் போயி, என்ன சொல்லுதான்ங்கிய? "வந்துட்டியா தாயி. நிழலுக்கு வா. புள்ளைக்கு வெயிலு"ன்னான்.

கேட்டியளா? சாமி பேசுத பேச்சா இது? நான் எத்தனையோ கொடை பாத்தவன். மாடன் வாயில இருந்து 'நிழலுக்கு வா'ன்னு ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்ல. அவ பொத்துனு உக்காந்து அழுதுட்டா. புள்ள அழல. அது சாமி கழுத்துல கெடந்த மாலையப் பிடிச்சு இழுக்கு. பிச்சிப்பூவ எல்லாம் உதுக்கு. சாமி தலையக் குனிஞ்சு, இன்னும் நல்லா இழுன்னு குடுத்துட்டுச் சிரிக்காரு. மாடன் சிரிக்காரு! கூட்டத்துல கெழடு கட்டையெல்லாம் கண்ணத் தொடைக்குது.

எனக்குத் தாங்கல. "நிறுத்துல"ன்னுட்டேன். "வந்திருக்கது யாருன்னு சொல்லு. மாடன்னா மஞ்சப் பானைத் தண்ணியில குளி"ன்னேன். அது எங்க கோயில்ல வழக்கம். மஞ்சத் தண்ணியப் பெரிய பானையில ஊத்திக் கொதிக்க விடுவாக. நெசமான சாமின்னா அதுல தென்னம்பாளைய முக்கி மேல அடிச்சுக் குளிக்கணும். பொய்யின்னா மேலு வெந்து போகும். பூலம்மா ஓடியாந்து என் கையப் பிடிச்சா. "ஒங்க தம்பி, வெந்து போவாரு, வேண்டாம்"ன்னா. மூணு வருசத்துக்குப் பெறவு எங்கிட்ட அவ பேசுன மொத வார்த்தை அதுதான். நான் கைய உதறிட்டேன். வேகட்டும்னுதான் நின்னேன். ஏன்னா அது எங்க சாமி இல்ல, எனக்குத் தெரியும்.

அவன் நேராப் பானைகிட்டப் போனான். தளதளன்னு கொதிக்குது. பாளைய முக்கித் தலையில அடிச்சான். திரும்பவும் முக்குனான், திரும்பவும் அடிச்சான். ஆவி பறக்குது. மேலு பூரா மஞ்சளு. ஒரு கொப்புளம் இல்ல. நான் கிட்டப் போய் முதுகத் தொட்டுப் பாத்தேன். குளத்துல முங்கி எந்திரிச்சு வந்தவன் முதுகு மாதிரி குளுந்து கெடக்கு.

பெறவு எம் பக்கம் திரும்புனாரு. அவருன்னுதான் வாயில வருது, பாருங்க. திருநீத்தக் கை நெறைய அள்ளி என் நெத்தியில பூசுனாரு. கையி அவ்வளவு பெருசா இருந்துச்சு, நயினாரு கையி சின்னக் கையி. காதுகிட்ட வந்து, ஊருக்குக் கேக்காம, எனக்கு மட்டும் சொன்னாரு. "மாடக்கண்ணு, என்னைய ஒனக்குத் தெரியலையால? நான் ஒம்மேல என்னைக்குல கோவப்பட்டேன்?"

அவ்வளவுதான். மலை ஏறிட்டாரு. நயினாரு கீழ விழுந்துட்டான்.

படப்புச் சோறு போட ஆரம்பிச்சாக. செல்வகனி எலையில சோறு வாங்கிக்கிட்டு, புள்ளையோட எம் முன்னால வந்து நின்னா. "எப்பா, சாப்பிடுங்க"ன்னா. அது என்னையப் பாத்துக் கைய நீட்டுது, அந்தப் புள்ள. யார்கிட்டயும் போகும் போல. நான் வாங்கல. எலையும் வாங்கல, புள்ளையவும் வாங்கல. எப்படி வாங்க? என்ன நடந்துச்சுன்னே எனக்கு வெளங்கல. சட்டைய மாட்டிக்கிட்டுப் பஸ்ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். பின்னால கூப்பிட்டாக. ஒருத்தி சத்தம் மட்டும் கடைசி வரைக்கும் கேட்டுச்சு.

பஸ்ஸ்டாண்டுல உக்காந்து யோசிச்சேன் அண்ணாச்சி. என்னைக்குக் கோவப்பட்டேன்னு கேட்டாருல்லா. சொல்லிரணும்னு பாத்தேன். சின்னதுல அவரு படப்புல இருந்த வாழப்பழத்தத் திருடித் தின்னேன். வாந்தி பேதி வரும்னு ராப்பூரா முழிச்சுக் கெடந்தேன், ஒண்ணுமே வரல. அப்ப அவரு கவனிச்சிருக்க மாட்டாரு. ஒரு வருசம் மஞ்சக்காமாலையில கொடைக்கு வர முடியல. காவு வாங்குவாருன்னு ஊரே சொல்லிச்சு. எனக்குச் சொகமாயிட்டு. பூலம்மாவ ஒருக்கா அவரு பீடத்துக்கு முன்னாலயே கைய நீட்டி அடிச்சுட்டேன். அவ மாடனைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே நின்னா. அப்பவும் அவரு என்னைய ஒண்ணும் செய்யல. ஒண்ணாவது சிக்கும், ஒண்ணாவது சிக்கும்னு தேடிக்கிட்டே இருக்கேன். ஒண்ணுகூடச் சிக்க மாட்டேங்குது.

நீங்க வெளியாளு, நடுவுல நின்னு சொல்லுங்க. அது சாமி இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் பேசாமப் போயி என் கேட்டத் தொறந்து மூடிக்கிட்டுக் கெடப்பேன். ஆனா மஞ்சப் பானை பொய் சொல்லாது. தொட்டுப் பாத்தவன் நான். அப்போ அது மாடன்தான். சரி, மாடன்தான்னே வெச்சுக்கிடுவோம். கோவமே இல்லாத சாமிதான்னு வெச்சுக்கிடுவோம். அப்படின்னா அத்தனை வருசம் என் மேலுல நின்னு சத்தம் போட்டது...

ஏன் எந்திரிக்கிய? சாத்தூரா? அதுக்குள்ளயா வந்துட்டு? இருங்க, வண்டி இன்னும் நிக்கல, கண்டக்டரு விசிலு ஊதட்டும். எதுக்கு அவசரம்? பைய நான் எடுத்துத் தாரேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு எறங்குங்க அண்ணாச்சி. இன்னைக்கி 'நிழலுக்கு வா'ன்னு சொன்னது மாடன்னா, அன்னைக்கி எம் மவ பழத்தத் தட்டி விட்டது யாரு?